மூன்றடி அகல ஒசாகா

எனக்குத் தெரிந்த ஒசாகா மூன்றடி அகலம். ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே எப்போதும் நனைந்தது போலிருக்கும் தரை, பானம் விற்கிற மிஷின் ஒன்றின் பாதி உடம்பு, எதிர்க்கடைப் பலகையிலிருந்து வழிகிற சிவப்பு வெளிச்சம். குடைகளும் சாயம் பூசிய தலைகளும் அந்த மூன்றடிக்குள் வந்த வேகத்தில் போய்விடும். யார் எங்கே போகிறார்கள் என்று தெரியாது.

நான் இருப்பது அருப்புக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையின் மாடியில். ஒசாகாவில், இருட்டிவிட்டால் குடியும் பாட்டும் கூச்சலுமாகக் கிடக்கும் ஒரு தெருவில், ஒன்பது மாடிக்கு ஒடுங்கி நிற்கிறது ஒரு மலிவான ஹோட்டல். அதற்கு நான் வரவேற்பாளர். அங்கே கவுண்டரில் ஆள் கிடையாது, ஒரு திரை இருக்கிறது. திரையில் என் முகம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து பாஸ்போர்ட்டை என் முகத்துக்கு நேரே காட்டுவார்கள். நான் இங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் அங்கே அறைக் கதவைத் திறக்கிற அட்டை வெளியே வரும். மேலே நீலக் கோட்டு, முதுகுக்குப் பின்னால் ஹோட்டல் பெயர் அச்சடித்த துணி. கேமராவுக்கு எட்டாத கீழ்ப்பாதியில் சுடிதார் பேண்ட்டும் ரப்பர் செருப்பும். ஜப்பானில் ஒரு ஆளை உட்கார வைக்கிற சம்பளத்துக்கு இங்கே எங்களைப் போல எட்டுப் பேரை உட்கார வைக்கலாம். கம்பெனி இதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர் வைத்திருக்கிறது.

நம் நாலு மணிக்கு அவர்களுக்கு ஏழரை. இங்கே ஜன்னல் கம்பியைத் தொட முடியாத வெயில் அடிக்கும்போது அங்கே தெரு அப்போதுதான் விளக்குப் போட்டு மினுக்கிக்கொண்டு கிளம்பும். அந்தத் தெருவைப் பற்றி என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இடது பக்கம் திரும்பினால் விடியும்வரை நூடுல்ஸ் விற்கும் கடை. இரண்டாவது சந்தில் காசு போட்டால் துணி துவைக்கிற மிஷின்கள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக 'வா வா' என்று கூப்பிடும் ஆட்களின் பின்னால் மட்டும் போகாதீர்கள், பில்லைப் பார்த்து மயக்கம் போட்டு விழுவீர்கள். மூன்றாம் மாடிவரை பாட்டுச் சத்தம் கேட்கும், காதில் வைக்கிற அடைப்பான் கவுண்டரில் சும்மாவே கிடைக்கும். எல்லாம் சொல்வேன். நான் அந்தத் தெருவில் ஓரடி வைத்ததில்லை.

வேலை கிடைத்தபோது வீட்டில் 'ஜப்பான் ஹோட்டலுக்கு வேலை' என்றுதான் சொன்னேன். எங்கள் ஊர் பரளச்சியில் ஹோட்டல் என்றால் புரோட்டா, சால்னா. அம்மா ராக்கம்மாள் மில் வேலைக்குப் போகிறவள். எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். டிகிரி முடித்தவள் சோற்றுக்கடைக்குப் போகிறாளே என்று அவளுக்கு வருத்தம்தான். ஜப்பான் என்ற சொல் அதைச் சரிக்கட்டிவிட்டது.

எங்கள் தெரு ராஜேஸ்வரிச் சின்னம்மா பஸ்ஸில் வைத்து வெளிப்படையாகவே கேட்டாள்.

"ஏத்தா, ஜப்பான் ஹோட்டல்ல சப்ளையராமே நீயி? கம்ப்யூட்டர் வழியாவா பரிமாறுற?"

"ஆமா சின்னம்மா. எல போட்டு உக்காருங்க, சாம்பாரு வயர்ல வரும்."

"வாயப் பாரு வாய. அது சரி, அவுக பச்ச மீனத் திம்பாகளாமே. கவுச்சிப் பாத்திரத்த யாரு கழுவுறது?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். திருத்தவில்லை. திருத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மாசியில் ஒரு பெண் வந்தாள். அம்மா வயது இருக்கும், நரைத்த தலை, போர்ச்சுகல் பாஸ்போர்ட், தனியாக. "இந்த நேரத்துக்கு வெளியே போகலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். போகலாம் என்றேன், வழி சொன்னேன். என் ஷிப்ட் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். கன்னம் சிவந்திருந்தது, கொஞ்சம் குடித்திருப்பாள் போல. கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துத் திரைக்கு நேரே நீட்டினாள். பணியாரம் மாதிரி உருண்டை உருண்டையாக ஏதோ ஆவி பறந்துகொண்டிருந்தது. "நீ சாப்பிட்டாயா?" என்றாள். பிறகு அட்டையை ஆட்டிக் காட்டிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நான் அவளைக் கேட்கவில்லை. எங்கள் ஹோட்டலில் அந்தக் கேள்வியே கிடையாது.

அன்று பஸ்ஸில் வழியெல்லாம் அவளுடைய அறையையே நினைத்துக்கொண்டு வந்தேன். படத்தில் பார்த்த அறைதான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டியைத் திறந்துவைக்க இடம் காணாது என்று விருந்தினர்கள் புகார் எழுதுவார்கள். மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதுகிறவளும் நான்தான். எழுதும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எங்கள் வீட்டு உள்ளறை, அண்ணன் மாரிச்செல்வத்துக்குக் கல்யாணம் ஆனதும் அவனுக்குப் போய்விட்டது. நான் அம்மாவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் படுக்கிறேன். உடை மாற்ற, அழ, சும்மா சுவரைப் பார்த்து நிற்க, எல்லாவற்றுக்கும் குளிக்கிற மறைப்புதான். அதற்கும் வெளியிலிருந்து "இன்னுமா?" என்று குரல் வரும். நான் உள்ளேயிருந்து பூட்டிய கதவு என்று இந்த வயதுவரை ஒன்று இருந்ததில்லை.

பெட்டி திறக்க இடம் காணாத அந்த அறை எனக்கு வேண்டும். ஒரு ராத்திரி அந்தத் தெருவில் இறங்க வேண்டும். யாருக்கும் மகளாக இல்லாமல், யாருக்கும் தங்கச்சியாக இல்லாமல், கூட்டத்தில் இடிபட்டு நடந்து, நின்றுகொண்டே நூடுல்ஸ் தின்றுவிட்டு, திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கீழே தெரு கூத்தடிக்கும். அடைப்பானை எடுத்துக் காதில் வைக்க மாட்டேன். கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

சித்திரையில் அதற்கு வழி வந்தது. மேனேஜர் சுபத்ரா மேடம் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, ஹோட்டல்காரர்கள் இங்கிருந்து ஒருவரைப் பத்து நாள் அங்கேயே தங்கவைத்து இடத்தைப் பழக்கப் போகிறார்கள் என்றார். விருந்தினர்கள் போடுகிற மார்க்கில் யார் முதலோ அவருக்குத்தான். முதல் நான். அடுத்தது முகம்மது ரபீக்.

"பாஸ்போர்ட்டு இருக்கா பிரவீணா?"

"காலேஜ் முடிச்ச கையோட எடுத்துட்டேன் மேடம்."

"நல்லதாப் போச்சு. வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

"எதுக்கு மேடம்? நான்தான போறேன்?"

"பொம்பளப்பிள்ள இல்லியா. நாளைக்கு ஒண்ணுன்னா எங்கிட்டத்தான வந்து நிப்பாக."

அன்று நான் வீடு சேர்ந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

"ஏடி, அது சோத்துக்கடை இல்லியாமே?"

"யாரு சொன்னா?"

"ஒங்க மேடந்தேன். ரூமு ரூமுன்னு பேசுனாக. சாப்பாடு என்ன போடுவாகன்னு கேட்டேன், அதெல்லாம் கெடையாதுன்னுட்டாக. சோறு போடாம ரூமு மட்டும் விட்டா அதுக்குப் பேரு என்னடி?"

"ஹோட்டலு."

"லாட்ஜு."

லாட்ஜ் என்றால் அம்மாவுக்கு டிவிச் செய்தி. படிக்கட்டில் போலீஸ், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறும் பெண்கள். அவளைச் சொல்லி என்ன? டவுனில் எந்த லாட்ஜிலாவது ஒரு பெண் தனியாகப் போய் நின்றால் ரூம் இல்லை என்பார்கள். சொல்கிறவன் முதுகுக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்பா வீரபத்திரன் லோடு ஏற்றிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அந்த லாட்ஜு இருக்கிற தெரு எப்பிடி?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் அதற்குள் போனில் தேடிப் பார்த்துவிட்டிருந்தான்.

"பூராம் குடியும் டான்ஸுந்தேன்ப்பா. பொழுது அடஞ்சாத்தேன் தெருவே முழிக்குமாம்."

அப்பா கையைத் தட்டிலேயே கழுவினார்.

வேறு யாராவது இந்த இடத்தில் ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்திருப்பார்கள். எனக்கு அது வராது. "ஆமா, லாட்ஜுதான்," என்றேன். "லாட்ஜுலதான் இம்புட்டு நாளா வேல பாக்குறேன். இவன் வண்டிக்கு டியூ கட்டுறதும் லாட்ஜுக் காசுதான். இப்ப அதுல தங்கப் போறேன். என்ன இப்ப?"

"மெதுவாப் பேசுடி. ராஜேஸ்வரி காதுல விழுந்தா நாளைக்குப் பஸ்ஸு பூரா இதேதேன்."

"நீ ஒருநாளாச்சும் வெளியூர்ல தங்கியிருக்கியாம்மா?"

"ஏன், தங்காம? ஒங்கண்ணனப் பெத்தப்பப் பெரியாஸ்பத்திரியில தங்கல? ஒங்கப்பனுக்குக் காலு ஒடஞ்சு கெடந்தப்ப வராண்டாவுல பாய விரிச்சுத் தங்கல?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே என்னவோ போலாகிவிட்டது. அதற்கு மேல் ஊர் எதுவும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அப்பாவின் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய், ரொம்ப நேரம் அந்த ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இளகிவிடுவாள் என்று நினைத்தேன். விடிந்ததும் மேடத்துக்கு அவளே போன் போட்டு, "எங்க பிள்ளைய அங்கிட்டெல்லாம் அனுப்பலைங்க," என்று சொல்லிவிட்டாள்.

நான் ஆபீஸுக்குப் போய் மேடம் முன்னால் நின்றேன்.

"ரபீக் வீட்டுக்கும் போன் போட்டீங்களா மேடம்?"

"அவன் பையன்மா."

"அவன் ரெண்டாவது மேடம்."

"கோவப்படாத. அடுத்த தடவ பாப்போம்."

என் சொந்த விருப்பத்தில் போகிறேன், எதற்கும் நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி டிராயரில் வைத்து மூடினார். "நல்லா எழுதுற," என்றார்.

ரபீக் என்னை மாடிப்படியில் பிடித்தான். அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் அத்தா கத்தாரில் இருக்கிறார். சண்டை போட இடமே தராத நல்ல பையன்.

"ஏய், நான் மாட்டேன்னு சொல்லிரவா?"

"சொல்லு. ஒனக்கு அடுத்து அந்தக் காரியாபட்டிக்காரன் இருக்கான், அவன் போவான். நீயே போயித் தொல."

"என்ன வாங்கிட்டு வர?"

"ஒண்ணும் வேணாம்."

"சாக்லெட்டு?"

"ரபீக்கு, மூஞ்சியிலேயே குத்திருவேன்."

வைகாசியில் ஒரு சாயங்காலம். பக்கத்து மேஜைப் பிள்ளைகள் டீக்கு இறங்கிவிட்டார்கள். திரையில் ஒசாகாக் கதவு திறந்தது. முதலில் பெட்டி வந்தது, பின்னால் ரபீக் வந்தான். புதுச் சட்டையில் மடிப்பு அப்படியே இருந்தது.

"வெல்கம் சார். பாஸ்போர்ட் ப்ளீஸ்."

"என்னடி, வாத்திச்சி மாதிரி இருக்க?"

"கேமரால பதிவாகும். காட்டு."

காட்டினான். கம்ப்யூட்டர் அவனுக்குப் பின்பக்கத்து அமைதியான அறை ஒன்றை எடுத்துக் கொடுத்தது. நான் அதை மாற்றி, ஏழாம் மாடியில் தெருப்பக்க அறை போட்டேன்.

"சத்தம் கேக்குமே?"

"கேக்கட்டும். சாப்பிட்டியா?"

"எங்கிட்டுச் சாப்பிட? வெளிய என்னா கூட்டம், அடேங்கப்பா. ஒருத்தன் என் கையப் பிடிச்சே இழுத்துட்டான். எங்கம்மா முறுக்கு குடுத்துவிட்டுருக்காக. தின்னுட்டுக் கதவப் பூட்டிட்டுப் படுத்துருவேன்."

"வெளியவே போகலியா?"

"பத்து நாளு கெடக்குல்ல? பாப்போம்."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமாக ஏதோ வந்தது. அந்தத் தெருவின் வாசலில் நின்றுகொண்டு முறுக்கைப் பற்றிப் பேசுகிறான்.

"ரபீக்கு, அந்தக் கதவுகிட்டப் போயி நில்லு."

"எதுக்கு?"

"ஆளு நின்னா அது மூடாது. போ."

போய் நின்றான். கதவு இரண்டு பக்கமும் விலகி அப்படியே நின்றது. இத்தனை நாளும் அந்தக் கண்ணாடியில் உள்விளக்கின் பிரதிபலிப்புதான் பாதி தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அது போனதும் தெரு நீண்டுகொண்டே போனது. ஒன்றன்மேல் ஒன்றாக ஆகாயம்வரை பெயர்ப்பலகைகள். எதையும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. சத்தம் ஹெட்செட்டுக்குள் மொத்தமாக வந்து விழுந்தது. எண்ணெய் பொரிகிற சத்தம், ஏதோ கடையின் திரும்பத் திரும்ப ஓடும் பாட்டு, பாட்டில்கள் உரசும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வழி கேட்டுக் கத்துவது. ஓரத்தில் ஒருத்தி குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனில் யாரிடமோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பெண்கள் தெருவை அடைத்துக் கைகோத்துக்கொண்டு பாடிக்கொண்டே போனார்கள். வெளிக்காற்று உள்ளே வந்து, கவுண்டரில் அடுக்கியிருந்த தாள்களின் ஓரத்தை என் கண்ணுக்கு முன்னால் படபடவென்று தூக்கியது. அந்தக் காற்று என் முகத்துக்கு வரவில்லை. இங்கே ஏசிதான் வந்துகொண்டிருந்தது.

ரபீக் தன்னைக் கடந்துபோகிற ஒவ்வொருவருக்கும் எதற்கென்று தெரியாமல் குனிந்து குனிந்து நிமிர்ந்தான்.

"ஏய், ஆளுக ஒருமாதிரி பாக்குறாக. போதுமா?"

"போதாது. கொஞ்சம் தள்ளி நில்லு, நீ மறைக்கிற."