கவனிச்சுக்கோங்க

"அவரைக் கொஞ்சம் நல்லா கவனிச்சுக்கோங்க" என்று கர்னல் சொன்னதும், அவர் பக்கத்தில் நின்றிருந்த பழைய பட்டாளத்து ஆள் வயர்லெஸ் சட்டென்று நிமிர்ந்தார். சொன்னது இவரிடம் அல்ல. மேசைக்கு அந்தப் பக்கம் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்த கட்சியின் மாவட்டச் செயலாளரிடம். ஊரே அவரை 'மாவட்டம்' என்றுதான் கூப்பிடும். மாவட்டமே தன் மடியில் இருக்கிற மாதிரிதான் அவரும் நடந்துகொள்வார். "ஆகட்டுங்கய்யா" என்றவர், முன்னறை பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவரைக் கதவிடுக்கு வழியாக ஒருதரம் அளவெடுத்துக்கொண்டார்.

பட்டாளத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். பதினெட்டு வருஷம் கர்னலின் முதுகுக்குப் பின்னால் வயர்லெஸ் பெட்டியைச் சுமந்தவர் இவர். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அடிபட்டு வருகிறவர்களைக் 'கவனிச்சுக்கோ' என்று கர்னல் சொன்னால் சூடாக டீ, காய்ந்த கம்பளி, படுக்க இடம். இவர் அதை அப்படியே பெட்டியில் திருப்பிச் சொல்வார், வேலை நடந்துவிடும். கர்னல் அரசியலுக்கு வந்த இந்த இரண்டு வருஷத்தில் அதே வார்த்தை கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது. போன மாதம் போஸ்டரைக் கிழித்த ஒருத்தனைக் கவனிக்கச் சொன்னார். மறுநாள் அவன் கையில் மாவுக்கட்டு. அதற்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடை பழம் போனது, அதுவும் கர்னல் அனுப்பியதுதான். இதில் எதைக் கவனிப்பு என்று எடுத்துக்கொள்வது? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

பெஞ்சில் இருந்தவர் பழைய படைப்பிரிவின் சமையல்காரர். எழுபதைத் தாண்டியவர். மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். அந்தக் காலத்துச் சண்டையில் ஆற்றைத் தாண்டிப் பின்வாங்கிய அன்று எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசிப் படகில்தான் ஏறியதாகக் கர்னல் மேடைக்கு மேடை முழங்குகிறார். கடைசிப் படகை ஓட்டியது சமையல்காரரின் தம்பி. உள்ளே இருந்தது சமையல்காரர், இரண்டு அண்டா, நாலு காயம்பட்டவர்கள். கரை சேர்ந்தபோது துடுப்பைப் பிடித்தபடியே தம்பி செத்திருந்தான்.

"அவர் இருந்தாருன்னே சொல்லிக்கட்டும்ப்பா, எனக்கென்ன? என் தம்பி பேரை ஒரு தடவை மைக்குல சொல்லட்டும். சொல்ல மாட்டேன்னா, நானே எங்கயாவது போய்ச் சொல்றேன்" என்று காலையில் வந்ததும் வராததுமாக வயர்லெஸிடம் சொல்லியிருந்தார். அந்தக் கடைசி வார்த்தையையாவது இவர் விழுங்கியிருக்கலாம். பாவி மனுஷன், பழக்க தோஷம், ஒரு எழுத்து விடாமல் உள்ளே ஒப்பித்துவிட்டார்.

மாவட்டம் வெளியே போகத் திரும்பினார். வயர்லெஸ் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"கவனிக்கறதுன்னா... எப்படிங்க சார்?"

கர்னல் கண்ணாடியைக் கழற்றினார். "திருப்பிச் சொல்றதுதானே உன் வேலை? திருப்பிக் கேக்கறது எப்பலேருந்து?"

"இல்ல சார், வயசானவரு..."

"வயர்லெஸ், அந்தக் கடைசிப் படகுல நீ எங்க இருந்த?"

மாவட்டத்தின் பல்லைக் காணோம். வயர்லெஸ் இருந்தது முதல் படகில், பக்கத்தில் கர்னல். அதிகாரி பிடிபடக் கூடாது, முதலில் கடக்கட்டும் என்று மேலிடத்துக் கட்டளை. அதைக் காதில் வாங்கிச் சொன்னவரே இவர்தான். அதில் என்ன அவமானம்? உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தாலே ஜனம் ஓட்டுப் போட்டிருக்கும். அந்தக் காயம்பட்டவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; இப்போது இது தெரிந்து உயிரோடு இருப்பவர்கள் மூன்றே பேர். கர்னலும் இவரும் இந்த அறையில், ஒருத்தர் வெளியே பெஞ்சில்.

"உங்க பக்கத்துலதான் சார்" என்றார். பொய் இல்லை, ஆனாலும் நாக்கு கூசியது.

கர்னல் சிரித்தார். என்ன சிரிப்பு அது என்று பதினெட்டு வருஷப் பழக்கத்தை வைத்தும் இவரால் சொல்ல முடியவில்லை. "இவனுக்கும் வயசாகுது பாருங்க மாவட்டம்" என்று கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

வாசலில் கார் தயாராக நின்றது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட சமையல்காரரின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பஸ் ஸ்டாண்டுக்குக் கார்லயே கொண்டுபோய் விடச் சொன்னாராமே! மரியாதை தெரிஞ்ச மனுஷன்ப்பா. பேரைச் சொல்றேன்னாரா?"

வயர்லெஸ் காரின் மறுபக்கம் சுற்றிப் போனார். கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறினார். "நானும் வர்றேண்ணே."

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?" என்றார் மாவட்டம் திறந்திருந்த கதவருகே குனிந்து.

"ஒரு சிரமமும் இல்ல."

மாவட்டம் கர்னலின் அறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே கதவை மெதுவாகச் சாத்தினார்.

தெரு முடிகிற இடத்தில் கார் நின்றது. பஸ் ஸ்டாண்டுக்கு இடது பக்கம். வலது பக்கம் போனால் மூடிக்கிடக்கும் கல்குவாரி, அதற்கப்பால் வீடு வாசல் கிடையாது. டிரைவரின் போன் அடித்தது. "சரிண்ணே... ரெண்டு பேருண்ணே... சரிண்ணே" என்றான். இண்டிகேட்டரில் இடதும் காட்டவில்லை, வலதும் காட்டவில்லை. சமையல்காரர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, சீட்டில் கிடந்த கட்சி நோட்டீஸின் பின்பக்கத்தில், மேடையில் படிக்க வசதியாக, தம்பியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.