ஈட்டியைப் பிடுங்கியவள்

கடல் ஒதுக்கிய ஒரு மரத்துக்காகத்தான் ஒட்கெல் செத்தான். எங்கள் ஊரில் பெரிய மரம் வளராது. உத்தரமோ படகோ, கடல் கொண்டுவந்து போட்டால்தான் உண்டு. அன்று ஒதுங்கிய மரத்தின் ஒரு முனை நான் வேலை பார்த்த ஒட்கெல்லின் பண்ணைக் கரையிலும் மறுமுனை ஸ்டெயினோல்ஃப் கரையிலும் கிடந்தது. ஸ்டெயினோல்ஃப் அந்நியன் இல்லை, ஒட்கெல்லின் அக்காவைக் கட்டியவன். வாய்ச்சண்டை முற்றி, மைத்துனன் நெஞ்சில் ஈட்டியை ஏற்றிவிட்டான். போகிற வழியில் முதல் வீட்டு வாசலில் நின்று, "நான்தான் குத்துனேன்" என்று, கொன்றவன் ஒளிக்கக் கூடாது என்ற ஊர்முறைப்படி சொல்லிவிட்டும் போனான்.

நாங்கள் ஓடியபோது ஒட்கெல் கடற்பாசிமேல் மல்லாந்து கிடந்தான். ஈட்டி நெஞ்சிலேயே நின்றது. பண்ணையாட்கள் யாரும் கையை நீட்டவில்லை. நானும்தான். பிடுங்குகிறவன் தலையில் பழிவாங்கும் கடமை விழும். குத்தியவனை அவன் கொன்றே ஆகவேண்டும்.

ஒட்கெல்லின் தம்பி இங்யால்ட் முன்னால் வந்தான். புல்லறுக்கும் அரிவாளைத் தவிர வேறெதுவும் பிடித்தறியாத கை.

"தள்ளுடா," என்றாள் தாய் ஹால்பெரா.

"வீட்டுக்குப் போம்மா. இது ஆம்பளைங்க வேலை."

"ஆம்பளைங்க செஞ்ச வேலைதான் இதோ கெடக்குதே."

"நான் எடுக்கலன்னா ஊரே என்னைப் பாவாடை கட்டச் சொல்லும்."

"கட்டிக்கோ. என்னோடது தரேன். நீ போனா அவன் ஒரே குத்துல உன்னை முடிப்பான். தப்பித்தவறி நீ முடிச்சா, உங்கக்கா முண்டையா நிப்பா. ரெண்டுல எது வேணும் உனக்கு?"

அவன் பதில் சொல்வதற்குள் பெற்ற பிள்ளையின் மார்பில் காலை ஊன்றி ஈட்டியை இழுத்தாள். விலா எலும்பில் சிக்கிக்கொண்டது. யாரும் உதவவில்லை. மறுபடி இழுத்ததில் ஈட்டியோடு பின்னால் விழுந்தாள்.

"பழி என்னோடது. எப்போன்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் எவனும் அவன் வாசல மிதிக்கக் கூடாது."

அவள் சொல்லவே இல்லை.

கோடையில் ஊர்க்கூட்டத்துக்குப் போன இங்யால்ட் பெஞ்சில் உட்காரப் போனபோது ஒருத்தன் மறித்தானாம்: "அது உங்கம்மா எடம்ப்பா. உங்க வீட்டு ஆம்பளை அவங்கதானே?" கூட்டம் சிரித்தது. திரும்பி வந்தவன் துணியை மூட்டை கட்டினான். நார்வேக்கு ஒரு கப்பல் கிளம்பத் தயாராக இருந்தது.

"சாப்பிட்டுட்டுப் போடா."

"அண்ணனை மச்சான் கொன்னான். என்னை நீ கொன்னுட்ட."

மகளும் தாய்வீட்டுப் பக்கம் வரவில்லை. தம்பியைக் கொன்றவன் பெண்டாட்டி எந்த முகத்தோடு வருவாள்?

அடுத்த கோடையில் நார்வேயிலிருந்து கப்பல்காரன் ஒருவன் கம்பளித் துணி வாங்க வந்தான். ஹால்பெராவும் நானும் காயப்போட்ட புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

"என் மகன் உயிரோட இருக்கானா?"

"இருக்கான். ஆனா..." அவன் என்னைப் பார்த்தான். "அம்மா செத்துட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றான்."

"சொல்லிட்டுப் போறான்," என்றாள் ஹால்பெரா. "உடம்பு தேறியிருக்கானா?"