அண்ணி வீட்டுக் கழிவுத்தண்ணீர்

மூடிக்காரி தன் அண்ணியிடம் ஒன்று கேட்கப் போனாள். என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

அந்தக் குடியிருப்புக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்காரர்களே கூடிப் பேசி, சின்னதாக ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்துக்கொள்பவள் இவள். எந்நேரமும் மூடியைத் தூக்கி எட்டிப்பார்ப்பதால் அந்தப் பெயர். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தொட்டிக்குள் உண்டல்லவா, அவை இப்போது பட்டினி. தொட்டியின் அளவுக்குக் கழிவு வரவில்லை. அடுத்த மாதம் தண்ணீரைச் சோதிக்க ஆள் வருகிறார். தேறாவிட்டால் தொட்டிக்குப் பூட்டு. மறுபடியும் கழிவுநீர் லாரிதான் கதி.

கழிவுக்குப் பஞ்சமில்லாத வீடு அண்ணியுடையதுதான். மாடி முழுக்கப் பெண்கள் விடுதி. விடிந்தால் குளியலும் துவையலும். ஆனால் அண்ணி வீட்டுக் குழாயைத் தொட்டியோடு இணைக்கவே இல்லை. “என் சமையலறைக்குப் பின்னால தொட்டி வேண்டாம், நாறும்” என்று அவள் மன்றாடியபோது, “உங்க மூக்கு என்ன தங்கத்துல செஞ்சதா?” என்று கூட்டத்தில் கேட்டவள் மூடிக்காரி. தொட்டியும் அங்கேயே வந்தது. அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது.

“வாங்க நாத்தனாரே! வழி தவறிட்டீங்களா?”

“இல்ல அண்ணி. உங்க வீட்டுக் கழிவுத்தண்ணி வேணும்.”

அண்ணி கத்தியையும் வெங்காயத்தையும் கீழே வைத்தாள். “இத்தனை நாள் கழிச்சு வந்து கேக்குற பொருளாடி இது?”

“உங்ககிட்டதானே நிறைய இருக்கு!”

“கொழுப்பு மட்டும் குறையல. நாறும்னு அன்னிக்கே சொன்னேன். நாறுதா, இல்லையா?”

“நாறுது. வயித்துக்கு இல்லாமதான் நாறுது. உங்க தண்ணி வந்தா நின்னுடும்.”

“நிக்கலேன்னா?”

“நானே வந்து குழாயை அடைச்சுடறேன்.” மூடிக்காரி தரையைப் பார்த்தாள். “மூக்கைப் பத்திப் பேசினது தப்புதான் அண்ணி.”

“காதுல விழல. மாடிப் பொண்ணுங்களுக்கும் கேக்கட்டும்.”

மூடிக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தியே சொன்னாள். மாடியில் யாரோ கைதட்டினார்கள்.

மறுநாள் பிளம்பர் வந்து குழாயை இணைத்தார். சில வாரங்களில் நாற்றம் தணிந்தது, சோதனையிலும் தொட்டி தேறியது. ஆனால் அண்ணி விடுகிறாளா? இன்றும் காலையில் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் போதும், விருந்தாளிக்குப் பரிமாறுகிறவள் மாதிரி பின்கட்டில் வந்து நிற்பாள்.

“போதுமாடி? இன்னும் ரெண்டு பேரைக் குளிக்கச் சொல்லட்டுமா?”