டீசல் இல்லாமல் பறந்த பஸ்

இப்போதெல்லாம் சாயங்காலம் நான் வீட்டில் இருப்பதில்லை. ஐயப்பன்தாங்கலில் பாண்டியன் டீக்கடை பெஞ்சில் இருக்கிறேன். காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டாலோ ஊரே ஒரு காரணம் கட்டிவிடும். பொய் கட்டுவதை நான் பிறரிடம் விட்டுப் பழக்கமில்லை.

என் மருமகள் லாவண்யா இயற்பியல் படித்தவள். வீட்டிலிருந்தே போனில் பாடம் எடுக்கும் வேலைக்கு ஒரு பயிற்சி நிலையத்தில் கேட்டிருந்தாள். கைக்குழந்தையை விட்டு வெளியே போக முடியாதவளுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் இருப்பார்கள், நிலையத்தின் ஜெயராமன் சார் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மாமா, நாளைக்கு எறிபொருள் எடுக்கப் போறேன். கொஞ்சம் அமைதியா இருங்க," என்றாள்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சில் சின்ன 'ர'வும் பெரிய 'ற'வும் ஒரே சத்தம்தான். அவள் சொன்னது எறியப்படும் பொருள். என் காதில் விழுந்தது எரியும் பொருள். பஸ் ஓட்டியே ரிட்டையர் ஆனவன் வீட்டில் டீசலைப் பற்றி வகுப்பு நடக்கிறது, அவனைப் போய் அமைதியாக இருக்கச் சொல்கிறாளே என்று வருத்தப்பட்டேன். ஆனாலும் மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கூப்பிட்டால் போகத் தோதாகக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"எறிபொருளுக்கு யாராவது ஓர் உதாரணம் சொல்லுங்க," என்றாள் லாவண்யா. ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. போன் முன்னால் போய்க் குனிந்து, "டீசல்," என்றேன்.

போனுக்குள் சிரிப்பு கொட்டியது. லாவண்யாவின் காது சிவந்துவிட்டது. அப்போதாவது போயிருக்கலாம். சிரித்தவர்களை மடக்காமல் எழுந்து போகிற குணம் எனக்கு இல்லை.

"இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்கோ? செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மேல பஸ் ஓட்டிகினு வரேன், டீசல் தீந்துபூட்ச்சு. வண்டி சும்மா உருண்டுகினு போவுது. சைக்கிள்காரன் கூட என்னத் தாண்டிப் போறான். பாத்தா, எதிர்ல கரை உடைஞ்சு நூறடி அகலத்துக்குப் பள்ளம். வண்டி அப்டியே பறந்து அந்தாண்ட எறங்கிச்சு. நடுவானத்துல கண்டக்டர் முனியன் ரெண்டு பேருக்கு டிக்கெட் கிழிச்சான்."

"மிஸ்," என்றாள் சுவேதா என்ற மாணவி. "இன்ஜின் ஓடல. புவியீர்ப்பு மட்டும்தான் இழுக்குது. அப்போ தாத்தா பஸ் எறிபொருள்தானே?"

"நல்ல கேள்வி," என்றார் ஜெயராமன். "அந்தக் கணக்கையே போடுங்க மேடம்."

லாவண்யா பலகையில் படம் வரைந்தாள். மேலே தலைப்பில் பெரிய 'ற' இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"அந்தப் பக்கத்துக் கரை எவ்ளோ தாழ்வு மாமா?"

"மூணு ஆள் உயரம் இருக்கும்."

"அஞ்சு மீட்டர்னு வெச்சுக்கலாம். பஸ் நேர் மட்டமா கிளம்புது. வேகமா வந்தாலும் மெதுவா வந்தாலும் அஞ்சு மீட்டர் விழ ஒரு விநாடிதான். அதுக்குள்ள நூறடி, அதாவது முப்பது மீட்டர் தாண்டணும். அப்போ வேகம், விநாடிக்கு முப்பது மீட்டர்..." பேனா நின்றது.

"மணிக்கு நூத்தியெட்டு கிலோமீட்டர் மிஸ். ஆனா சைக்கிள் தாண்டிப் போச்சுன்னாரே?" என்றாள் சுவேதா.

லாவண்யா என்னைப் பார்த்தாள். மாமா சும்மா சொல்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் முப்பதை அழித்தாள்.

"சாரி, நான்தான் தப்பு பண்ணிட்டேன். நூறடின்னா மூணு மீட்டர்." காய்கறிக்காரர் தராசு முள் அசைந்தால்கூட விடாதவள், தெரிந்தே தப்பைத் தன் கையால் எழுதினாள்.

ஜெயராமன் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், அடியை மீட்டரா மாத்தறதே தகராறுன்னா நாங்க எப்படி உங்களை..."

பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிட்டுப் பயணிகளிடமெல்லாம் திட்டு வாங்கியவன் நான். அதெல்லாம் இப்படிச் சுட்டதில்லை. இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திரும்பவும் போன் முன்னால் குனிந்தேன்.

"சார், அது மொதல்ல போட்டதுதான் கரீட்டு. நூறடி நான் வுட்டது. பள்ளமும் இல்ல, பறக்கவும் இல்ல. டீசலு ரொம்பிகினுதான் இருந்துச்சு. முனியன் தூங்கிகினு வந்தான்."

லாவண்யா என்னைப் பார்க்காமல் மூன்றை அழித்து முப்பதை எழுதினாள். "அப்போ, சைக்கிளை விட மெதுவா வர்ற பஸ் எங்க போகும்?"

வாயே திறக்காத பிள்ளைகளெல்லாம் ஒரே குரலில் சொன்னார்கள்: "பள்ளத்துக்கு மிஸ்."

வேலை கிடைத்தது. வகுப்பு நேரத்தில் பெரியவர் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று ஜெயராமன் சொல்லியிருந்தாராம். என் மகன் லோகேஷ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லாவண்யா அதைச் சொல்லவே இல்லை. சாயங்காலமானால், "காத்தாட டீ குடிச்சிட்டு வாங்க மாமா," என்கிறாள். நானும் காற்றுக்காகப் போகிறவனைப் போலப் புறப்படுகிறேன்.

நேற்று பாண்டியன், "நைனா, புது ஆளு ஒர்த்தர் வந்துகீறாரு. அந்த பஸ்ஸு பறந்த கதையச் சொல்லேன்," என்றான்.

"அது பள்ளத்துல வியுந்துபூட்ச்சுப்பா."

பாண்டியன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். "இன்னா நைனா, இத்தினி நாளு ஒயுங்கா சொல்லிகினு இருந்தே. இந்த வயசுல போய் பொய் சொல்றியே."

தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தேன். வகுப்பு முடிய இன்னும் நேரமிருந்தது.