ஹிஃப்ஸாவுக்கு ஓர் உறுமல்

முகம்மது ரிபாய் திறந்த பிக்கப்பில் டேப் ரெக்கார்டரை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப்பிள்ளையைக் கூட்டிப்போகிறவன் மாதிரி. ஷார்ஜாவில் மளிகைக்கடை பார்க்கிற கீழக்கரைக்காரனுக்கு ராத்திரியில் சிங்கத்தோடு என்ன ஜோலி? எல்லாம் அவனுடைய கஃபீலின் ஆசை. விசா கொடுத்த அந்த அரபி, பாலைவனத்தில் பெரிய இடத்தை வேலிபோட்டு வளைத்து, ஆப்பிரிக்காவிலிருந்து ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, சிங்கம் என்று இறக்கிவைத்திருந்தார். பெருநாளுக்கு மறுநாள் தன் ஆட்களை அங்கே அனுப்பிச் சுற்றிக்காட்டச் சொல்வார். சுற்றிக்காட்டுகிறவர் உஸ்மான் என்ற சூடான்காரர்.

ரிபாய்க்கு ஒட்டகச்சிவிங்கியும் வேண்டாம், வரிக்குதிரையும் வேண்டாம். ஊரில் மகள் ஹிஃப்ஸாவுக்கு நாலு வயசு. மூணு மாசப் பிள்ளையாக விட்டுவிட்டு வந்தவன். நடுவில் கிடைத்த லீவுச் சம்பளத்தையும் டிக்கெட் காசையும் தங்கச்சி கல்யாணச் செலவு விழுங்கிவிட்டது, ஊருக்கே போகவில்லை. வெள்ளிக்கிழமை போன் பண்ணினால் பிள்ளை ரிசீவரைக் கண்டதும் உம்மாவின் சேலைக்குப் பின்னால் ஓடிவிடும். பெத்த பிள்ளை ஒரு வார்த்தை பேசாததில் அவனுக்கு எத்தனையோ நாள் சோறு இறங்கவில்லை. போன வாரம்தான் ஊரிலிருந்து வந்த கேசட்டில் முதன்முதலாக அந்தக் குரல்: “வாப்பா, ஒங்க அரபிகிட்ட சிங்கம் இருக்காமே? எப்புடிக் கத்தும்? அதைக் கேட்டாத்தான் போன்ல பேசுவேன்.” அடேயப்பா, என்ன கறார்! அதற்கடுத்து அவன் மனைவி ஜுலைஹாவின் குரல்: “சிங்கம் கெடக்கட்டும். நீங்க எப்ப வாறிய?”

சிங்கத்தின் வேலியருகே உஸ்மான் வண்டியை நிறுத்தி, டார்ச்சை அடித்து, உதட்டில் விரல் வைத்தார். உள்ளே மகாராஜா கால்நீட்டிப் படுத்திருந்தார். அரைமணி நேரமாயிற்று, ஒரு கொட்டாவி மட்டும் வந்தது. “இது எங்கட ஆபீஸ் மனேஜர் மாதிரி அண்ணை, ஆரைக் கண்டாலும் எழும்பாது” என்றான் பக்கத்திலிருந்த அறைத்தோழன், யாழ்ப்பாணத்துச் சுஜந்தன். உஸ்மான், போதும் என்கிற மாதிரி, “கலாஸ்” என்று சாவியைத் திருகப்போனார். ரிபாய்க்கு ஒரு நப்பாசை: வண்டி கிளம்புகிற சத்தத்திலாவது கத்திவைத்தால்? எதற்கும் தயாராக இருப்போம் என்று இருட்டில் தடவிப் பட்டனை அமுக்கினான்.

அமுக்கியது ஒற்றைப் பட்டன். ரெக்கார்டுக்கு இரண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். போதாததற்கு, வரும் வழியெல்லாம் மகள் பேச்சையே போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தவன், கேசட்டை மாற்றவே மறந்திருந்தான். புதுக் கேசட் சட்டைப்பையில் சமர்த்தாக இருந்தது. பாலைவனம் முழுக்கக் கேட்கும்படி ஹிஃப்ஸா கணீரென்று கேட்டாள்: “எப்புடிக் கத்தும்? அதைக் கேட்டாத்தான் போன்ல பேசுவேன்.”

சிங்கம் எழுந்து நின்றது. ரிபாய் சட்டென்று இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினான். அப்போது வந்தது பாருங்கள் ஓர் உறுமல், பிக்கப்பின் தகரமே நடுங்கியது. “யா அல்லாஹ்!” என்று அலறி அவன் சுஜந்தன் மடியில் விழுந்தான்.

அறைக்கு வந்து போட்டுக் கேட்டார்கள். மகள் கேட்கிறாள், சிங்கம் பதில் சொல்கிறது, வாப்பா அலறுகிறார். சுஜந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். ரிபாயும் சிரித்தான். பிறகுதான் உறைத்தது: ஜுலைஹா கேட்ட கேள்வி அழிந்து, அந்த இடத்தில்தான் சிங்கம் இருந்தது. கேசட்டில் அழிந்தால் என்ன, அவனுக்கு அது மனப்பாடம்.

ஊருக்குப் போகிற ஒருவர் கையில் கேசட் போயிற்று. இரண்டு வெள்ளி கழித்து ரோலா கடைத்தெரு டெலிபோன் பூத்தில் நின்றான். பின்னால் நீண்ட வரிசை. “பாருங்க, இவளே வந்து போனைப் புடுங்குறா” என்றாள் ஜுலைஹா. அப்புறம் குட்டி மூச்சு, குறுகுறுவென்று. திடீரென்று, “ஆ...ர்ர்ர்ர்!”

ரிபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. கார்டில் நிமிடம் குறைந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற பட்டாணியர் கண்ணாடியைத் தட்டி, “ஜல்தி, பாய்!” என்றார்.

ரிபாய் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை இழுத்து, பூத் அதிர உறுமினான்.