கோபித்துக்கொண்டு போனவர்கள் கணக்கு

நான் யார் என்ற கேள்விக்குத் தஞ்சாவூரில் விலை ஆயிரத்து இருநூறு ரூபாய். பஸ் செலவு தனி. அந்தக் காலத்து முனிவர்கள் காடு மேடெல்லாம் அலைந்தது டோக்கன் முறை இல்லாததால்தான்.

எங்கள் அத்தா அப்துல் மஜீது இரண்டு டோக்கன் வாங்கினார். ஒன்று எனக்கு, ஒன்று தங்கை ஆஷிகாவுக்கு. கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருப்பவருக்குப் பேச்சில் கஞ்சத்தனம் பிடிக்கும் இரண்டு பிள்ளைகள். அவர் மக்காவுக்கு உம்ரா போகும் பதினைந்து நாள் கல்லாவில் யார் உட்காருவது? மூன்று வருடமாக மாடியில் கணக்கு எழுதி அலுத்த ஆஷிகா அந்த நாற்காலிக்குத் தவம் கிடந்தாள். நான் அதிலிருந்து தப்பிக்கத் தவம் கிடந்தேன்.

மனநல டாக்டர் எழில்மொழி எங்களைத் தனித்தனியாக இரண்டு தடவை பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை முடிவு சொன்னார்.

"ஃபாஜில் இன்ட்ரோவெர்ட். அது சுபாவம். கூட்டத்துல களைச்சுப் போவார், தனியா இருந்தா தெம்பு வந்துரும். ஆஷிகா ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்ல இருக்காங்க. உலகத்தை வாங்கிக்கிற விதமே வேற. பார்க்க ரெண்டு பேரும் அமைதி. காரணம் வேற வேற."

அத்தா தொண்டையைச் செருமினார். "ஸ்பெக்ட்ரம்னா கூடக் குறைய இருக்கும்தானே?"

"ஆமா, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி."

"அப்ப கொஞ்சம் குறைச்சுப் போடுங்க."

"சார், இது ரேட் இல்ல."

"ரெண்டு பிள்ளையையும் ஒரே இடத்துக்குத்தானே கூட்டிட்டு வந்திருக்கேன்? ரெண்டுக்கும் சேர்த்து இன்ட்ரோவெர்ட்னே எழுதிக் குடுங்க. பழகிட்டோம்ல!"

டாக்டர் அசையவில்லை. அத்தா கடைசி ஆயுதத்தை எடுத்தார். பையைக் கக்கத்தில் இடுக்கி, "கட்டுப்படியாகாதும்மா" என்று எழுந்து கதவை நோக்கி நடந்தார். எங்கள் தெருவில் இதற்கு, 'என்னைக் கூப்பிடு' என்று பொருள். எனக்குத் தெரியும். கூப்பிட இரண்டு வாக்கியம் தேவை. அன்றைய கையிருப்பை பஸ் கண்டக்டரிடமே செலவழித்திருந்தேன்.

ஆஷிகா கையசைத்தாள். "போயிட்டு வாங்கத்தா." பிறகு டாக்டரிடம், "அவர் போயிட்டாரு. நாம மீதியப் பேசலாம். அந்த ஃபேனை நிறுத்துங்க, சத்தம் மண்டையைக் குடையுது."

டாக்டர் ஃபேனை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அது நடிப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது. பதிலுக்கு நடிக்கத் தெம்பில்ல."

ஆஷிகா திடுக்கிட்டாள். "நடிப்பா? அப்ப கடையில கோவிச்சுக்கிட்டுப் போறவங்க?"

"முக்கால்வாசி நடிப்புதான்."

"இத்தனை வருஷமா ஏண்ணே சொல்லல?"

"நீ கேக்கல."

வெளியே அத்தா இருபது நிமிடம் வராண்டாவில் நின்று, யாரும் கூப்பிடாததால் நிஜமாகவே போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் கல்லாவை எனக்குக் கொடுத்து, அவளைத் துணைக்கு வைத்தார். "வியாபாரம் விழுந்துச்சு, நீ மறுபடி மாடிதான்" என்று அவளிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினார். முதல் நாள் பதினொரு மணிக்குள் பதினேழு பேரிடம் பேசிவிட்டு, நான் பரண்மேல் அண்டாக்களுக்கு நடுவே போய்ப் படுத்தேன். ஆஷிகா கல்லாவில் உட்கார்ந்து புது நோட்டைத் திறந்தாள்.

மகள் கல்யாணச் சீருக்கு வந்த வீரையன் கேட்டார்: "குத்துவிளக்கு ஜோடி எட்டாயிரமா? ஆறுன்னா எடுத்துக்கிறேன்."

"எட்டாயிரம்."

"அப்ப நான் கெளம்புறேன்."

"சரிங்க. வெயிலா இருக்கு, எதிர்ப்பக்கம் நிழல்ல போங்க."

விளக்கைப் பேப்பரில் சுற்றி உள்ளே வைத்துவிட்டாள். அவர் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். வெற்றிலைக் கடை வரை போய்ப் பார்த்தார். ஒரு காபி குடித்துவிட்டு வந்தார்.

"ஏம்மா, ஒரு பேச்சுக்குக்கூடக் கூப்பிட மாட்டியா?"

"கெளம்புறேன்னு சொன்னீங்க, எழுதிட்டேன். இப்ப வந்துட்டீங்க, அதையும் எழுதுறேன். எது நடிப்பு எது நிஜம்னு எனக்குத் தெரியல. எழுதி வச்சாத் தெரிஞ்சுரும்."

"ஒரு நூறு ரூபாயாவது குறையேன்!"

"இதுல எங்களுக்கு லாபமே நானூறுதான்."

பரணில் என் தலை அண்டாவில் மோதி மணியடித்தது. எங்கள் தெருவில் லாபத்தைச் சொல்வதும் கடைவாசலில் நின்று குளிப்பதும் ஒன்றுதான். வீரையன் எட்டாயிரத்தை எண்ணி வைத்தார். மறுநாள் அவர் சொல்லி அவருடைய சம்பந்தியும் வாங்க வந்தார்.

அத்தா பேரீச்சம்பழத்தோடு திரும்பியதும் முதலில் கல்லாவைப் பார்த்தார். விற்பனை இம்மியும் குறையவில்லை, கொஞ்சம் கூடுதல்தான். பிறகு நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கம்: போனவர்கள் 41, திரும்பியவர்கள் 38, பாக்கி 3. அடியில் அந்த மூவரின் விவரம். ஒருவர் சொம்பு, ஒருவர் தாம்பாளம். மூன்றாவது: 'அத்தா, டாக்டர் அறை. இன்னும் வரவில்லை.'

அந்தக் கடைசி வரியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார்.

செவ்வாய்க்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனார். டோக்கன் வாங்கினார். பேரமே இல்லை. கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"டாக்டரம்மா, ஆஷிகாவுக்கு நீங்க சொன்ன அந்தப் பேரே இருக்கட்டும். கல்லாச் சாவியை அவகிட்டயே குடுத்துட்டேன்."

அன்று சாயங்காலம் ஆஷிகா நோட்டைத் திருத்தினாள்.

போனவர்கள் 41.
திரும்பியவர்கள் 39.
பாக்கி 2.