சேணத்தின் மேல் ஒருத்தி

போட்டிக்கு முந்தைய மாதம் தங்கையின் இடது கை முழங்கைவரை மறைந்துபோனது. வலி இல்லை. டாக்டர் தடவிப் பார்த்தார், நாடி இருந்தது. ரத்தசோகையாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். அக்கா மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். தங்கை கலந்துகொள்ளும் டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றம் அப்படிப்பட்ட விளையாட்டு. மணல் பரப்பிய நீள்சதுரத்தில் குதிரை நடக்க வேண்டும், ஓட வேண்டும், பக்கவாட்டில் நழுவ வேண்டும், நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். எல்லாம் அதுவே ஆசைப்பட்டுச் செய்வதுபோல் இருக்க வேண்டும். மேலே இருப்பவள் கடிவாளத்தைச் சுண்டுவதோ குதிகாலால் அழுத்துவதோ கண்ணில் பட்டால் மதிப்பெண் போச்சு. அக்காவும் ஒரு காலத்தில் சவாரி செய்தவள்தான். விழுந்து இடுப்பு உடைந்தபின் வேலி ஓரத்தில் நின்று தங்கையைப் பழக்குவதே அவள் வேலையாயிற்று. "கை தெரியுது! கால் தெரியுது! குதிரைய விட்டுட்டு உன்னையா பார்க்க வர்றாங்க?" வருடக்கணக்கில் இதே பாட்டு. தங்கை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. அப்படிப்பட்டவள் வேறென்ன செய்வாள், மறையத்தான் செய்வாள்.

ஒவ்வொரு நல்ல சவாரிக்கும் கொஞ்சம் போனது. கால்கள், பிறகு தோள், ஒரு திங்கட்கிழமை முகம். போட்டிருந்த உடுப்பும் கூடவே போனது. முகம் போன அன்றோடு அக்காவின் சந்தோஷமும் போயிற்று, ஆனால் போட்டியை விட முடியவில்லை. குதிரை அவர்களுடையதல்ல. அதற்குச் சொந்தக்காரரான மரக்கடை முதலாளி, இந்த முறை பரிசு வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மிச்சமிருந்தது வலது கை. அது இருந்தாக வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் குதிரையை நிறுத்தி, நடுவர்கள் பார்க்கும்படி கையைத் தாழ்த்தி வணக்கம் சொல்வது விதி.

"அதையும் தொலைச்சுராதடி" என்றாள் அக்கா.

"நான் எங்கக்கா தொலைச்சேன்?" என்று வலது கை மட்டும் தெரிந்த நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

போட்டியன்று முதல் வணக்கம் ஒழுங்காக நடந்தது. பழுப்புக் குதிரையின் மேல் ஒற்றைக் கை தாழ்ந்து எழுவதை நடுவர்கள் பார்த்தார்கள். விதிகளில் அதற்குத் தடை ஏதும் இல்லை. பிறகு குதிரை ஆடிய ஆட்டத்தைப்போல் அந்த மைதானம் கண்டதில்லை. அது நின்ற இடத்தில் ஓடியபோது ஒருவர்கூட இருமவில்லை. அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் கூடக் கூட விரல்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. குதிரை ஒரே ஒரு தப்பு பண்ணிவிடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். பண்ணவில்லை. அது நடுக்கோட்டில் வந்து நின்றபோது சேணத்தின் மேல் ஒன்றுமே இல்லை.

நடுவர்கள் காத்திருந்தார்கள். வெளியிலிருந்து யார் குரல் கொடுத்தாலும் நீக்கிவிடுவார்கள் என்பது அக்காவுக்குத் தெரியாததல்ல. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால்கூடப் போதும். தலைமை நடுவர் வணக்கத்தைத் தானே ஊகித்துக்கொண்டு, பதிலுக்கு எழப் பார்த்தார். அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அடியே, இருக்கியா?"

குதிரை காதைத் திருப்பியது.

"இருக்கியாடி? சொல்லேன்!"

"இருக்கேன்க்கா."

மணி அடித்துவிட்டார்கள். நீக்கியது தங்கை கண்ணுக்குத் தெரியாமல் போனதற்காக அல்ல, அக்கா வெளியிலிருந்து குரல் கொடுத்ததற்காக. முதலாளி சொன்ன சொல் தவறாதவர். மறுவாரமே குதிரை லாரியில் ஏறியது. லாயத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு அக்கா அழுதாள். தோளில் ஒரு கை வந்து விழுந்தது, கனமாகவே இருந்தது.

தங்கை அதன்பின் தெரியவே இல்லை. தெருவில் எல்லோரும் பழகிக்கொண்டார்கள்; பால்காரர் கதவருகே சத்தம் கேட்டால் விலகி வழிவிடுவார். அவர்களுக்கென்று மிச்சமிருந்த ஒரு கிழக் குதிரையில் அவள் தினமும் காலையில் ஏறுகிறாள். அக்கா இப்போது குளம்புகளைப் பார்ப்பதில்லை, சேணத்துக்கு மேலே ஒரு முகத்தின் உயரத்தில் பார்க்கிறாள். சுற்றுக்கு ஒருமுறை "இருக்கியா?" என்று கேட்கிறாள். சில நாள் தங்கை வேண்டுமென்றே தாமதித்துத்தான் பதில் சொல்கிறாள்.